இரண்டாவது கையெழுத்து

என் மனைவி எங்கள் ஊராட்சியின் துணைத்தலைவராக இருந்தாள். துணைத்தலைவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. திறப்பு விழாக் கல்லில் கூட அடியில் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள். ஆனால் ஊராட்சிப் பணம் எதுவாக இருந்தாலும் செக்கில் தலைவர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் துணைத்தலைவரும் போட வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் அவளைத் தேர்தலில் நிற்க வைத்தார்கள். எங்கள் குடும்பம் இரண்டாகப் போனதும் அதனால்தான்.

எனக்கு உத்திரமேரூர் பஜாரில் மோட்டார் காயில் கட்டும் கடை. வீடு, சாலவாக்கம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி ஏரிக்கரையைத் தாண்டினால் வரும் ஊரில். அண்ணன் வீடும் என் வீடும் ஒரே காம்பவுண்டில். எங்கள் கழனிகளும் அடுத்தடுத்துதான், இரண்டுக்கும் ஒரே போர்வெல். அப்பா சீக்கிரம் போய்விட்டார். என்னைப் படிக்க வைத்து, கடைக்கு இடம் பார்த்து, மாகறலில் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அண்ணன்தான். முன்பு அவர் ஊராட்சித் தலைவராகவும் இருந்தார். அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை.

அந்தத் தேர்தலுக்கு எங்கள் ஊர்த் தலைவர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு என்று மாறியது. ஊருக்குள் ஒரே புகைச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் மட்டும் அமைதியாக இருந்தார்.

"தலைவர் சீட்டு போனா போவட்டும்" என்றார். "செக்குல ரெண்டாவது கையெழுத்து நம்ம வூட்ல இருக்கணும். அது நம்மகிட்ட கீதுன்னா அஞ்சு வருசமும் நாம சொல்றதுதான் நடக்கும்."

அண்ணிக்கு ஆஸ்துமா. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். அண்ணன் என் மனைவியைப் பார்த்தார். "சின்னவ நிக்கட்டும். ப்ளஸ் டூ படிச்சிகீறா. மாகறல்ல மகளிர் குழுவுல எல்லாம் இருந்தவ."

அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டாள். "எனக்கு இன்னா தெரியும் மாமா? நாலு பேரு முன்னாடி பேசச் சொன்னா ஓடிப் பூடுவேன்."

"நீ பேசவே வேணாம்மா. போடச் சொன்னா போடு. வேணாம்னா வுட்டுடு. அவ்ளோதான்."

வார்டு உறுப்பினராக ஜெயித்தாள். பிறகு உறுப்பினர்கள் சேர்ந்து அவளைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். ஆக்கினார்கள் என்றால், அண்ணன் ஆக்கினார். அவளுக்கு அதெல்லாம் தெரியும். ஆனாலும் பதவியேற்புக்கு அவள் தன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மாகறலிலிருந்து என் மாமியார் போன் செய்து அழுதார். அவர்கள் வீட்டில் யாரும் அதுவரை எந்தப் பதவியிலும் இருந்ததில்லை.

அவள் கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையினுடையது மாதிரி இருக்கும். இனிஷியல் போட்டு, பெயரை முழுதாகத் தமிழில், ஒவ்வொரு எழுத்தையும் உருட்டி எழுதுவாள். ஊராட்சிச் செயலாளர், எங்கள் ஊர்ப் பேச்சில் கிளார்க்கு, பொறுமையில்லாமல் நிற்பார். "சுருக்கமா கிறுக்கிடுங்கம்மா, போதும்" என்பார். "என் பேரு முழுசா இருக்கட்டும் சார்" என்று இவள் நிதானமாகவே எழுதுவாள்.

தலைவரான பெண் காலனியைச் சேர்ந்தவர். என் மனைவியைவிட வயதில் சின்னவர். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தவர். கணவர் கல்குவாரி லாரியில் லோடு ஏற்றுகிறவர். முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த என் மனைவி செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"எல்லாரும் உக்காருற வரைக்கும் அந்தப் பொண்ணு நின்னுக்கினே இருந்துது. எல்லாருக்கும் பிளாஸ்டிக் சேர்தான் போட்டாங்க, தலைவருக்கும் அதான். நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"இப்ப வர்ற வழியில உங்கண்ணன் வூட்டு வராண்டாவுல பாத்தேன். ஆபீசுல இருந்த சுத்துற நாற்காலி இங்க கீது."

முதல் ஒரு வருடம் அண்ணன் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. கிளார்க்கு செக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதலில் அண்ணன் வீட்டுக்குப் போவார், பிறகு எங்கள் வீட்டுக்கு வருவார். தெரு விளக்கு, பிளீச்சிங் பவுடர், டேங்க் ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் உடனே வரும். காலனிக் கால்வாய், காலனிப் பாதை என்றால் வராது. அவள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு அது தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த கோடையில் காலனி போர் மோட்டார் எரிந்துபோனது. அதை என் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் காயில் கரிக்கட்டையாக இருந்தது. பல தடவை கட்டிய மோட்டார், இனி தாங்காது, புதுசுதான் வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். தலைவர் எல்லாம் முறைப்படி செய்தார். ஆனால் செக் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அண்ணன் வீட்டில் நின்றுவிட்டது.

"கொஞ்ச நாளு கஷ்டப்படட்டும்" என்றார் அண்ணன். "அப்பதான் இந்த ஊர்ல யாரு தலைவருன்னு தெரியும்."

காலனிப் பெண்கள் கழனிக் கிணறுகளுக்குக் குடத்தோடு நடந்தார்கள். அக்னி வெயில். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது தலைவரே வந்தார். செக்கைக் கிளார்க்கிடமிருந்து எப்படியோ வாங்கி வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்.

"அம்மா, ஒரு நிமிசம் வர்றீங்களா?"

"உள்ள வா."

"இல்லம்மா, இங்கியே கேக்கறேன். ஒரு கர்ப்பிணிப் பொண்ணு காலைல கெணத்து மேட்டுல வியுந்துடுச்சி. ஆஸ்பத்திரில கீது. நீங்க போட மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிடுங்க. நான் காலனிப் பொம்பளைங்கள கூட்டிக்கினு யூனியன் ஆபீசு முன்னாடி போய் உக்காந்துக்கறேன். உங்களச் சொல்லிக் குத்தமில்ல."

என் மனைவி கேட்டைத் திறந்தாள். "மொதல்ல உள்ள வந்து நெழல்ல நில்லு. அம்மா இல்ல, அக்கான்னு கூப்புடு. நாம ரெண்டு பேரும் ஒரே ஆபீசு."

தண்ணீர் கொடுத்தாள். தலைவர் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கப் போனார். "வாய வெச்சே குடி" என்றாள் இவள். பிறகு துணி துவைக்கும் கல்லின் மேல் செக்கை வைத்து, குனிந்து, வழக்கம்போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். நான் சோற்றுத் தட்டோடு உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய், "மோட்டார் வந்தா சொல்லுங்க, நானே வந்து எறக்கித் தர்றேன்" என்றேன். என்னால் அன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். உட்காரவில்லை.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"கேக்கலங்க மாமா."

"அக்கான்னு கூப்புடச் சொன்னியாமே?"

"ஆமாங்க மாமா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அந்த ஓட்டெல்லாம் நான் வாங்கிக் குடுத்தது" என்றார்.

"தெரியும் மாமா. ஆனா என் பேரச் சொல்லித்தானே கேட்டீங்க" என்றாள் அவள். அண்ணன் போன பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு செக் நேராக எங்கள் வீட்டுக்கே வந்தது. கொஞ்ச காலம்தான். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. இனி கையெழுத்து வேண்டாம், துணைத்தலைவர் போனுக்கு ஓ.டி.பி. என்று ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் பணம் போகும் என்றார்கள். எல்லோருடைய போன் நம்பரையும் வாங்கினார்கள். இவளுடைய நம்பர் என்று கிளார்க்கு எழுதிக் கொடுத்தது அண்ணனுடைய போன் நம்பர்.

இவளுக்கு அது தெரிய இரண்டு மூன்று மாதம் ஆனது. ஒரு கூட்டத்தில் ஏரிக்கரைப் பாதைக்கு மண் கொட்டியதற்குப் பணம் போய்விட்டது என்று கிளார்க்கு வாசித்தார். "நான் எதுவும் சொல்லலையே?" என்று கேட்டாளாம். உங்கள் போனிலிருந்துதான் வந்தது என்றாராம். அதே நேரத்தில் காலனிக்கு உண்டானது எல்லாம் நின்றுபோயிருந்தது. டேங்க் ஆபரேட்டர் சம்பளமும் நின்றது, அவரும் காலனிக்காரர். அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகத் தொடங்கினார். காலையில் வந்து வால்வைத் திறந்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

"கையெழுத்துன்னா நான் எழுதினாத்தானே?" என்றாள் என்னிடம். "இப்ப நான் இல்லாமலே நான் போட்ட மாதிரி ஆவுது. இதுக்கு என்னப் பதவிலேர்ந்தே எடுத்துட்டாக்கூட பரவால்ல."

மறுநாள் காலை நாஷ்டாகூடச் சாப்பிடாமல் என் டி.வி.எஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். உத்திரமேரூர் யூனியன் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க நம்பர் எதும்மா?"

சொன்னாள்.

"அப்ப இதுல இருக்கறது யாரோடது?"

அங்கே ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் மாட்டியிருப்பார். கிளார்க்கும் மாட்டியிருப்பார். "அது எங்க வூட்டுப் பெரியவருது சார். தெரியாம மாறிப் போச்சி. இனிமே என்னுது இருக்கட்டும்" என்றாள். அதிகாரி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு அவள் போனைக் கையைவிட்டு இறக்கவில்லை. நடவுக் கழனியில் நிற்கும்போது ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வாள். நம்பர் வந்ததும் தலைவருக்குப் போன் போட்டு, "இது இன்னாத்துக்கு வந்துகீது?" என்று முதலில் கேட்பாள். பொருள் வந்ததா, இறக்கினார்களா, யார் பார்த்தது என்பாள். எல்லாம் சரியென்றால்தான் நம்பரைச் சொல்வாள். சேற்றுக் காலோடு வரப்பில் நின்று அவள் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொல்வதும், அந்தப் பக்கம் தலைவர் திருப்பிச் சொல்வதும், நடுவில் ஏதோ தப்பாகி இருவரும் சிரிப்பதும் எனக்குக் காதில் இருக்கிறது.

எப்போதும் சிரிப்பில்லை. ஒருமுறை காலனிக்குப் பைப் போட்டபோது சொன்ன ஆழத்தில் பள்ளம் எடுக்கவில்லை என்று இவள் நம்பர் தர மறுத்துவிட்டாள். தலைவருக்குக் கோபம். "நீங்களும் கடைசில ஊர்க்காரங்கதான்" என்று சொல்லிவிட்டார். இவள் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. ஆனாலும் நம்பரைத் தரவில்லை. ஆட்கள் திரும்ப வந்து பள்ளத்தை ஆழமாக்கினார்கள். தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து சமையல்கட்டில் உட்கார்ந்து இவளோடு முருங்கைக்கீரை உருவினார். அதோடு சரியானது.

அண்ணன் யூனியன் ஆபீசு விஷயம் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி அவர் பக்கத்துச் சுவரில் இருந்தது. அதில் புதுப் பூட்டு தொங்கியது.

"நீ உன் பொண்டாட்டிய அடக்கல" என்றார். "நான் தண்ணிய அடக்கிட்டேன்."

நெல் கதிர் வாங்கும் நேரம். ஊரில் யார் கழனியிலிருந்தும் எனக்குத் தண்ணீர் விட ஆள் வரவில்லை. நான் மோட்டார் வேலை செய்கிறவன். ஊரில் பாதி மோட்டார் என் கை பட்டதுதான். வரப்பில் நின்று பயிர் சுருளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அழுவாதீங்க" என்றாள். நான் அழுகிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அண்ணி சுவருக்கு மேலாகப் பேசுவதை நிறுத்தினார். சொந்தக்காரர்கள் பத்திரிகை வைக்கக் கடைக்கு வந்து என்னிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். செங்கல்பட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் விடுமுறைக்கு வந்தால் பெரியம்மா வீட்டுக்கு ஓடுவாள். அந்தத் தடவை கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள்.

அந்த மார்கழியில் டவுன் பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஓரிக்கையைத் தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "மார்ல ஒரு கட்டி கீதுங்க" என்றாள். எவ்வளவு நாளாக என்றேன். "வலிக்கல, அதான் வுட்டுட்டேன். இப்ப வலிக்குது."

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன், பிறகு ஊசி மருந்து. முடி கொட்டியது. தலைவர் வாரத்தில் ஒருநாளாவது பஸ் ஏறி வந்துவிடுவார். தூக்கில் கேழ்வரகுக் கூழ் இருக்கும், அது ஒன்றுதான் அவளுக்கு இறங்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா ஒருநாள், "உன் தங்கச்சியா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள் இவள். தலைவர் எழுந்து வெளியே போய்விட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

கட்டிலில் படுத்திருக்கும்போதும் நம்பர் வரும். மகள் போனை எடுத்துப் படிக்கப் போனால் தர மாட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே படித்துச் சொல்வாள்.

அப்போதுதான் அண்ணன் பக்கத்து உறுப்பினர்கள் அவள் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். உடம்பு சரியில்லாதவரால் ஊராட்சி வேலை கெடுகிறது என்று அதில் எழுதியிருந்தது. போக வேண்டாம் என்றேன். மகளும் சொன்னாள். "போவலன்னா பயந்துட்டேன்னு ஆவும்" என்றாள். தலையில் பருத்தித் துண்டைச் சுற்றி, அதன் மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஆபீசு வாசலில் விட்டேன். உள்ளே எனக்கு அனுமதியில்லை. ஜன்னல் பக்கம் நின்றேன்.

தாசில்தார் தீர்மானத்தைப் படித்துவிட்டு, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் வேணாம்னா எடுத்துடுங்க சார். ஆனா நான் இன்னா தப்பு பண்ணேன்னு ஒருத்தராவது சொல்லிட்டு எடுங்க."

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினார்கள். காலனி உறுப்பினர்கள் தூக்கவில்லை. எங்கள் தெருவிலேயே இருக்கும் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியும் தூக்கவில்லை, தலையைக் குனிந்தபடியே இருந்தாள். சட்டப்படி வேண்டிய அளவுக்கு ஆள் சேரவில்லை. தீர்மானம் தோற்றது.

அவள் சந்தோஷப்படவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மரத்தடியில் நிற்கச் சொன்னாள். "உங்கண்ணி தங்கச்சி, அந்த மூணாவது வார்டு மெம்பரு, அதுவும் கையத் தூக்குச்சே, பாத்தீங்களா?" என்றாள். "அது பிரசவத்துக்கு நான்தானே ஆஸ்பத்திரில கூட இருந்தேன். ராவெல்லாம் என் கையத்தான் புடிச்சிக்கினு இருந்துச்சி." அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் பிறகு அவள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. போக முடியவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை நேரத்தில் போய்விட்டாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, நர்ஸாகவே எல்லாம் செய்தாள். பிறகு அவள் அம்மாவின் கால்மாட்டில் விழுந்து அழுததை நான் எழுத முடியாது.

அண்ணன் மாலையோடு வந்தார். அண்ணி மூச்சு வாங்க வந்து, பிணத்தின் மேல் விழுந்து அழுதார். அது பொய் அழுகை இல்லை. அவர்கள் இருவரும் ஒரே அடுப்பில் பல வருடம் சமைத்தவர்கள். கொஞ்ச நேரம் எனக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும் போலத் தோன்றியது.

அப்போது தெருமுனையில் தலைவரும் காலனிப் பெண்களும் மழையில் நிற்பதாக யாரோ வந்து சொன்னார்கள். அதற்கு மேல் அவர்கள் வரவில்லை. எங்கள் தெருச் சாவுக்கு அவர்கள் வந்தால் அங்கேதான் நிற்பார்கள். நான் எழுந்து குடையை எடுத்தேன்.

அண்ணன் என் தோளைப் பிடித்தார். "பாத்துட்டு அப்படியே போவட்டும். உள்ள வந்தாங்கன்னா நம்மாளுங்க தூக்க மாட்டாங்க. சொல்லிட்டேன்."

"வேணாம்ணா" என்றேன். "தூக்க வேணாம்."

அவர் கை தோளிலிருந்து இறங்கியது. நான் தெருமுனைக்குப் போனேன். தலைவர் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "வாம்மா, உங்கக்காவ வந்து பாரு" என்றேன். வந்தார். பெண்கள் எல்லோரும் வந்தார்கள். தலைவர் என் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாடை வரும் வரைக்கும் விடவில்லை.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அண்ணன் கடைசியாகப் போனார். கொண்டுவந்த மாலையை அவர் போடவும் இல்லை, எடுத்துப்போகவும் இல்லை. கேட் பக்கத்தில் நின்ற என் வண்டி மேல் வைத்துவிட்டுப் போனார். அண்ணி மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் மகன் வந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான்.

நானும், மாகறலிலிருந்து வந்த மச்சானும், தலைவரின் கணவரும், டேங்க் ஆபரேட்டரும் தூக்கினோம். டேங்க் ஆபரேட்டர் கம்பெனிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். ஊர்ச் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. தடுத்து யாரும் நிற்கவில்லை. மழையினால்தானோ என்னவோ. சேறு கணுக்கால் வரை இருந்தது. விறகு நனைந்து, பற்ற வெகுநேரம் ஆனது.

கொஞ்ச நாளில் அந்த வார்டு இடைத்தேர்தலில் அண்ணனின் புது மருமகள் ஜெயித்து வந்தாள். துணைத்தலைவர் பதவியும் அவளுக்கே போனது. பேசாத, பயந்த பெண். போன் யாரிடம் இருக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் பூட்டு அப்படியேதான் இருந்தது. கழனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, உத்திரமேரூரில் கடைக்குப் பின்னாலேயே ஒரு அறை எடுத்து வந்துவிட்டேன். அண்ணன் சில நாள் பஜார் பக்கம் வருவார். என் கடை வந்ததும் வண்டி மெதுவாகும். நானும் வேலையிலிருந்து நிமிர்வேன். பிறகு வண்டி போய்விடும். அவருக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது.

முதல் வருடத் திதியை மாகறலில் வைத்தோம். என் மாமியார் அங்கேதான் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். செய்யாற்றில் அந்த வருடம் தண்ணீர் ஓரமாகக் கொஞ்சம் ஓடியது. பிண்டம் கரைத்துவிட்டு வந்தபோது தலைவர் வாசலில் நின்றிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. திதியை அவராகவே கணக்குப் பார்த்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

மாமியாருக்குப் பார்வை மங்கல். கிட்டே வந்து முகத்தைப் பார்த்தார். "நீதான் அந்தத் தலைவரா?" என்றார். "என் பொண்ணு போன் பண்ணா உன்னப் பத்தித்தான் பேசிக்கினு கெடப்பா. உள்ள வா, எல போட ஆளில்ல."

தலைவர் உள்ளே போய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். எங்களுக்கு இலை போட்டார், பரிமாறினார், கடைசியில் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இருவரும் என்னென்னவோ பேசினார்கள். சின்ன வயதில் என் மனைவி ஆற்றில் கொலுசைத் தொலைத்தது, அதற்குப் பயந்து கோயில் தேர்க்கொட்டகையில் ஒளிந்தது எல்லாம் மாமியார் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த எனக்கே அது தெரியாது. தலைவர் கேட்டுக் கேட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

மூன்று மணி பஸ்ஸுக்கு மகள் அவரைக் கூட்டிப்போனாள். நான் பந்தல் கழிகளை அவிழ்க்க மச்சானுக்குக் கை கொடுத்தேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, மாமியார் என்னைக் கொஞ்சம் படுக்கச் சொன்னார். படுத்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாள் கடை திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.